அரைச் சாண்

மூன்றாவது தடவையாகச் சொட்டு மருந்தை விட்டு, "பத்து நிமிஷம் கண்ணத் தொறக்கப்பிடாது, என்னக்கா?" என்று வழிந்ததைப் பஞ்சால் ஒற்றிவிட்டு அந்தப் பெண் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள். செண்பகம் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். திருநெல்வேலியில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரி, மே மாதத்துக் காலை, பதினோரு மணி இருக்கும். அவளைப் போலவே இன்னும் இருபது பேர் வரிசையாகத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடி, கோயிலில் அருள் வரக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். மருந்து முதலில் சுருக்கென்றது, பிறகு எரிச்சல் அடங்கி, கொஞ்ச நேரத்தில் தொண்டையில் ஒரு கசப்பு இறங்கியது. கண்ணில் விட்டது தொண்டைக்கு எப்படி வரும்? தொண்டைக்கு வந்தால் வயிற்றுக்கும் போகும். வயிற்றுக்குப் போனால்? எச்சிலை விழுங்காமல் நிறுத்திப் பார்த்தாள். எவ்வளவு நேரம்தான் நிறுத்துவது, விழுங்கிவிட்டாள். விழுங்கியதும் வலது கை தன்னால் போய் அடிவயிற்றின் மேல் உட்கார்ந்தது. யாராவது பார்க்கிறார்களோ என்று அதை எடுத்து மடியிலிருந்த காகிதத்தின் மேல் வைத்தாள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிற இடத்தில் யார் பார்க்கப் போகிறார்கள்! ஆனால் பார்வை மட்டமானவர்களுக்குத்தான் பிறர் பார்த்துவிடுவார்களோ என்கிற பயம் ஜாஸ்தி. மடியிலிருந்தது லேசர் சிகிச்சைக்கு முன்னால் நிரப்பித் தர வேண்டிய படிவம். கோவில்பட்டிப் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷமாகக் கணக்கு எடுக்கிறவளின் குண்டு குண்டான கையெழுத்தில் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதியாகிவிட்டது. ஏழாவது கேள்விக்கு மட்டும் எழுதவில்லை. இன்றைக்குப் பரிசோதனை முடிந்து டாக்டர் சரியென்று சொன்னால் வியாழக்கிழமை லேசர், இருபத்திரண்டு வருஷத்துக் கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஏழாவது கேள்விக்கு அவள் என்ன எழுதுகிறாள் என்பதில்தான் அத்தனையும் இருந்தது.

காலையில் முதல் பரிசோதனையில் இருட்டறைக்குள் உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, எதிர்ச் சுவரில் எழுத்துகளை ஓட விட்டார்கள். மேலே இருக்கிற பெரிய எழுத்தே அவளுக்கு ஒரு கறுப்புத் திட்டுதான். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா, ஈ என்றது, எஃப் என்றது, அடுத்தது பி என்று போனது. பரிசோதித்த பெண் சிரித்துவிட்டாள். "மேடம், கெஸ் பண்ணாதீங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. நீங்க தெரியுதுன்னு சொன்னா மெஷினு நம்பிரும்." செண்பகத்துக்குக் காது வரைக்கும் சுட்டது. வகுப்பில் எந்தப் பிள்ளை நிஜமாகவே புரிந்து தலையாட்டுகிறது, எது டீச்சர் அடுத்த கணக்குக்குப் போனால் போதும் என்று தலையாட்டுகிறது என்று முதுகைத் திருப்பிக்கொண்டே சொல்லிவிடுவாள். "தெரியலன்னு சொல்லுததுல என்னல வெக்கம்" என்று எத்தனை பேரை எழுப்பி நிற்க வைத்திருக்கிறாள். ஊருக்குத்தான் உபதேசம். பத்து வயது வரைக்கும் கண்ணாடி இல்லாமல் காலம் தள்ளினவள் அவள், தள்ளியது முழுக்கத் தலையாட்டித்தான். கரும்பலகையில் இருப்பது தெரியுதா என்றால் தெரியுது. பக்கத்தில் இருந்த ராசகனி நோட்டைப் பார்த்து எழுதிவிடுவாள். தெருவில் யாராவது கையை ஆட்டினால் யாரென்று தெரியாமலே சிரிப்பாள், யாரோ யாருக்கோ ஆட்டியதற்கெல்லாம் சிரித்து லூசுப்பிள்ளை என்று பேர் வாங்கினாள். பஸ் வந்தால் போர்டைப் பார்க்கிற மாதிரி பார்த்துவிட்டு, ஏறுகிறவர்கள் எந்த ஊர்ப் பேரைச் சொல்லுகிறார்கள் என்று காது கொடுத்து ஏறுவாள். அதில் ஒருநாள் சாத்தூர் போய் இறங்கினாள். கடைசியில் கண்ணாடி போட்ட அன்று கரண்டுக் கம்பியில் வரிசையாக முடிச்சுப் போட்டிருக்கிறதே என்று அதுவரை நினைத்திருந்ததெல்லாம் குருவிகள் என்று தெரிந்தது, அதைக்கூட வீட்டில் சொல்லவில்லை. அது முடிச்சு இல்லையா என்று கேட்டால் இத்தனை நாள் தெரியாமலா இருந்தாய் என்பார்களே. கண்ணாடிக்கடை பால்பாண்டி அண்ணன்தான் முதலில் கண்டுபிடித்தார், அவளுடைய வலது காது மடலின் மேல்நுனி உள்பக்கமாக மடிந்திருக்கிறது, அதனால் எந்த ஃபிரேம் போட்டாலும் வலப்பக்கம் ஒரு நூல் அளவு தூக்கிக்கொண்டு நிற்கும் என்று. ஒவ்வொரு தடவையும் கம்பியைச் சூடு காட்டி, அந்தக் காதுக்கென்று தனியாக ஒரு வளைவு வளைத்துக் கொடுப்பார். "ஒங்காதுக்கு ஒரு கடையே வைக்கணும் தாயி" என்பார். பிள்ளைகள் சோடாபுட்டி என்றார்கள், கோணக்கண்ணாடி என்றார்கள். அதற்கெல்லாம் அவள் அழுததில்லை. அழகுக்காக லேசருக்கு வந்திருக்கிறாள் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், புருஷனுக்கு அக்கா, மதினிகூட அப்படித்தான் நினைக்கிறாள். ஒரு பிள்ளை பெறுவதைப் பற்றி யோசிக்காமல் இவளுக்கு மினுக்கம் கேட்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னாளாம்.

ஆலோசனை சொல்லுகிற பெண் ஜெபா, சின்னப் பெண்தான், பொறுமையாக ஒரு மரக்கண்ணைப் பிரித்துக் காட்டி எல்லாம் விளக்கினாள். கருவிழியின் மேல் ஒரு மெல்லிய ஏடு மாதிரி எடுத்துத் திருப்பி வைப்பார்கள், கீழே லேசர் ஒரு கண்ணுக்கு இருபது முப்பது வினாடி, பிறகு ஏட்டைத் திருப்பி மூடிவிடுவார்கள், தையல் கிடையாது. ஒரு தீய்ந்த வாடை வரும், பயப்படக் கூடாது. கொஞ்ச மாசம் கண் வறண்டு போகும், ராத்திரி விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும். எல்லோருக்கும் இது ஒத்துவராது. வயது வேண்டும், ஒரு வருஷமாகப் பவர் ஏறாமல் இருக்க வேண்டும், கருவிழி கனமாக இருக்க வேண்டும். "ஒங்களுக்கு மைனஸ் எட்டு. கொஞ்சம் ஓரத்துலதான் நிக்கிறீங்க. ஆனா கனம் போதும், பண்ணலாம்." அதைக் கேட்டதும் செண்பகத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, நல்ல சேதிக்கு யாராவது அழுவார்களா. படிவத்தில் ஒரு கேள்வி, இந்தச் சிகிச்சையை எதற்காக விரும்புகிறீர்கள் என்று. வேலை, விளையாட்டு, தோற்றம், கண்ணாடி அணிவதில் சிரமம், பிற. அவள் 'பிற' என்பதற்கு நேரே டிக் அடித்தாள். பக்கத்தில் ஒரு கோடு போட்டிருந்தார்கள், விளக்கவும் என்று. அந்த ஒரு விரல் நீளக் கோட்டில் எதை விளக்குவது? 'பிரசவ அறையில் கண்ணாடியைக் கழற்றிவிடுகிறார்கள்' என்று எழுதலாமா? எழுதினால் பிழையில்லாத ஒரு வாக்கியம். படிக்கிறவர்கள் அதனால் என்ன என்பார்கள். கோட்டைக் காலியாகவே விட்டாள். கோட்டைக் காலியாக விட்டால் பரவாயில்லை என்று ஜெபா சொல்லிவிட்டாள், ஆனால் ஏழாவது கேள்வியைக் கட்டாயம் எழுத வேண்டுமாம்.

ரெண்டு வருஷம் முந்தி, எட்டாம் மாதத்தில் பனிக்குடம் உடைந்து, வேறொரு ஆஸ்பத்திரியில் அவசரமாக அறுவைக்குக் கொண்டுபோனபோது, வாசலில் வைத்து வளையல், மெட்டி, கம்மல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார்கள். கண்ணாடியும்தானா என்று கேட்க நினைத்தாள், அதற்குள் ஒரு கை அதை எடுத்து அவள் புருஷனிடம் நீட்டிவிட்டது. கோமதிநாயகம் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், மின்வாரியத்து வயர்மேன், பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும், லென்சில் கீறல் விழுமே என்று அந்த வலியிலும் அவளுக்குத் தோன்றியது. உள்ளே போனதும் உலகம் அரைச் சாணாகச் சுருங்கிவிட்டது. கண்ணாடி இல்லாவிட்டால் அவளுக்கு மூக்கு நுனியிலிருந்து அரைச் சாண் தூரத்தில் இருப்பது பளிச்சென்று தெரியும், ரேகை தெரியும், மயிர்க்கால் தெரியும். அதற்கு அப்பால் எல்லாம் தண்ணீரில் கரைத்துவிட்ட சாயம்தான். முதுகில் ஊசி போட்டார்கள், நெஞ்சுக்குக் குறுக்கே பச்சைத் துணி கட்டினார்கள், இடுப்புக்குக் கீழே யாரோ யாருடைய உடம்பையோ உருட்டினார்கள். பிறகு ஒரு சத்தம். பூனைக்குட்டி கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சின்னச் சத்தம். பச்சைத் துணிக்கு மேலே சிவப்பாக ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நர்ஸ் கேட்டாள், "என்ன பிள்ளைன்னு பாத்துச் சொல்லுங்கம்மா. நாங்க சொல்லப்பிடாது, தாயார்தான் சொல்லணும்." பிள்ளை மாறிப்போச்சு, பொய் சொல்லிட்டாங்க என்று பின்னால் யாரும் சண்டைக்கு வரக்கூடாது என்பதற்காக எல்லா ஆஸ்பத்திரியிலும் வைத்திருக்கிற வழக்கம். ஒரு முழத் தூரத்தில், பச்சையில் ஒரு சிவப்பு, அதன் ஒரு முனையில் கொஞ்சம் கறுப்பு. அவ்வளவுதான் தெரிந்தது. தெரியல, கொஞ்சம் கிட்டக் கொண்டாங்க என்று நாலு சொல் சொல்லியிருந்தால் போதும். நர்ஸ் கொண்டுவந்திருப்பாள், கொண்டுவராமல் என்ன, கன்னத்தோடு கன்னம் வைத்தே காட்டியிருப்பாள். ஆனால் எல்லோரும் காத்திருக்கிறார்களே, டாக்டர் கையில் வேலை இருக்கிறதே, பெற்ற பிள்ளையைத் தெரியவில்லை என்று எந்தத் தாயாவது சொல்லுவாளா என்று ஒரு நொடிக்குள் என்னென்னவோ ஓட, பத்து வயதுவரை தலையாட்டிய தலை தன்னால் ஆடியது. "பொண்ணு" என்றாள். பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஒன்பதாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடத்தில் முதல் கணக்கே அதுதான். "கரெக்ட்டு. நல்லாப் பாத்துட்டீங்கல்லா?" "பாத்துட்டேன்." வெள்ளம் தலைக்கு மேல் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். அவளுக்குச் சாணுக்கும் முழத்துக்கும் நடுவில்தான் ஒரு முகமே இருந்தது. பிள்ளைக்கு மூச்சு வாங்குகிறது என்று உடனே மாடிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானம் கோமதிநாயகம் வந்து கண்ணாடியை எடுத்து வேட்டி நுனியால் துடைத்து அவளுக்கு மாட்டிவிட்டு, "நல்லாயிருவா, பயப்படாத" என்றார். அதற்குப் பிறகு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. காற்றாடி இறக்கையில் ஒட்டடை தெரிந்தது, குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாய் இறங்குவது தெரிந்தது. ரெண்டு மாடிக்கு மேலே கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தவளை மட்டும் தெரியவில்லை. தையல் போட்ட உடம்போடு மாடி ஏற விடவில்லை. காலை ஏழு மணிக்குப் பிறந்தவள், சாயங்காலம் நாலு மணிக்குப் போய்விட்டாள். பச்சை உடம்புக்காரி பார்க்கக் கூடாது என்று அங்கிருந்தே நேராகக் கொண்டுபோய்விட்டார்கள். போட்டோவும் கிடையாது, பச்சைப் பிள்ளையைப் படம் பிடித்தால் கண்பட்டுவிடும் என்று மதினி தடுத்துவிட்டாளாம். கண்படக் கூடாதாம்! பெற்றவள் கண்ணே படாத பிள்ளைக்கு.

மூன்றாம் நாள் பால் வந்தது. யாருக்கு வருகிறோம் என்று கேட்காமல் வந்தது. நெஞ்சு கல்லாகக் கனத்தது, ரவிக்கை நனைந்தது. மாத்திரை கொடுத்தார்கள். அது போதாது என்று மதினி ரெண்டு முழம் மல்லிகைப் பூ வாங்கிவந்து, உதிர்த்து மார்பில் வைத்து வெள்ளைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும், எல்லா வீட்டிலும் செய்கிறதுதான், மதினி அழுதுகொண்டேதான் கட்டினாள், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அன்றைக்கு விட்டது செண்பகத்துக்கு மல்லிகைப் பூ. கல்யாண வீட்டில் பூ கொடுத்தால் தலைவலி என்று சொல்லிவிடுவாள். இப்போதுகூட வரிசையில் யாரோ பூ வைத்திருக்கிறார்கள், வாடை வருகிறது, கண்ணை மூடினால் மூக்கு இன்னும் கூர்மையாகிவிடுகிறது. ஏழாவது கேள்வி இதுதான்: 'கர்ப்பமாக இருக்கிறீர்களா? பாலூட்டுகிறீர்களா?' ஆம், இல்லை என்று ரெண்டு கட்டம். ரெண்டையும் ஒரே கேள்வியாகப் போட்டிருக்கிறார்கள், ஒன்று முடிந்தால் மற்றது வந்துதான் தீரும் என்கிற தைரியத்தில். நாள் தள்ளி ஒன்பது நாள் ஆகிறது. எட்டா ஒன்பதா? போன மாதம் பதினாறாம் தேதி, பரீட்சை விடைத்தாள் திருத்தப் போன அன்று, அப்படியானால் ஒன்பதுதான். ரெண்டு வருஷமாக ஒருநாள்கூடத் தவறாமல் வந்துகொண்டிருந்தது, லேசருக்குத் தேதி குறித்த பிறகுதான் இப்படித் தள்ளுகிறது. முதலில் கண்ணு, பிறகு பிள்ளை என்பதுதான் அவள் போட்ட கணக்கு. மே லீவில் லேசர், ஜூனில் பள்ளிக்கூடம், மூன்று மாதம் கழித்து ஆண்டவன் கொடுத்தால் கொடுக்கட்டும், கொடுத்தால் இந்தத் தடவை எவள் வாசலில் நின்று எதைக் கழற்றினாலும் கண்ணைக் கழற்ற முடியாதே. அதற்கு இப்படி ஒரு குறுக்கு. வீட்டில் டெஸ்ட் பண்ணிப் பார்க்கிற அட்டை மருந்துக்கடையில் கிடைக்கும், கடை வாசல் வரைக்கும் போய்த் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் 'இல்லை' என்று எழுத முடியாது. தெரியாதவரைக்கும் 'இல்லை' பொய்யில்லை. பொய்யில்லையா? பெரிய வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவளுக்குத் தெரியாதா, தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் ஒரு பொய்தான். ஆனால் நூற்றுக்கு எத்தனை பேருக்கு எட்டு நாள் பத்து நாள் தள்ளுகிறது, வெயில், விடைத்தாள், அலைச்சல். 'இல்லை' என்று டிக் அடித்தால் வியாழக்கிழமை லேசர். நிஜமாகவே உள்ளே ஒன்று இருந்து, இந்தக் கசப்பு மருந்தும் அதற்குப் பிறகு கொடுக்கிற மாத்திரையும் அதை ஏதாவது செய்துவிட்டால்? 'ஆம்' என்று அடித்தால், உள்ளே ஒன்று இருந்து, பத்து மாதம் நன்றாக இருந்து, மறுபடியும் ஒரு பச்சைத் துணி, மறுபடியும் ஒரு சிவப்பு, என்ன பிள்ளைன்னு சொல்லுங்கம்மா. இவளையும் பார்க்காமல் விட்டுவிட்டால்? ஐயோ, இதற்குள் இவள் என்றாகிவிட்டதே. பார்ப்பதற்காகக் கெடுப்பதா, கெடுக்காமல் பார்க்காமலே இருந்துவிடுவதா. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று ஊரில் சொல்லுவதைக் கேட்டிருக்கிறாள், கண் வாங்குவதற்காகச் சூரியனை விற்கிறவள் இவள் ஒருத்திதான். யாரிடம் கேட்பது? அவரிடம் சொன்னால் அடுத்த பஸ்ஸில் கோவில்பட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார், சரி, போகட்டும், ஆனால் கண்ணு எதுக்கு வேணும்னு இப்படிக் கிடந்து அடிச்சுக்கிட்ட என்று கேட்பாரே. அதற்குத்தான் பதில் கிடையாது. அவரைப் பொறுத்தவரை செண்பகம் பிள்ளையைப் பார்த்தவள். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், "அவளாச்சும் ஒருக்கா நல்லாப் பாத்துட்டா" என்று அதை ஒரு ஆறுதலாகச் சொல்லிச் சொல்லி அழுதார் மனிதர். அப்போது வாயைத் திறந்து இல்லை என்றிருக்க வேண்டும். அன்றைக்குத் திறக்காத வாய் பிறகு திறக்கவேயில்லை. பிள்ளை யார் சாடை என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்க ரெண்டு வருஷமாக நாக்கு துடிக்கிறது, கேட்டால் பார்த்தவள் ஏன் கேட்கிறாள் என்று வரும். அவளாகவே ஒரு முகம் செய்துவைத்திருக்கிறாள், அவர் மூக்கு, தன் நெற்றி, அம்மாவின் மோவாய். சில நாள் மூக்கு மாறிவிடும். தெருவில் ரெண்டு வயதுப் பெண் பிள்ளை எது போனாலும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்ப்பாள். கனவில்கூட அவள் கண்ணாடி இல்லாமல்தான் படுத்திருக்கிறாள், கனவில்கூட யாரும் கிட்டக் கொண்டுவருவதில்லை.

"ஏ செண்பகம், தூங்கிட்டியா? பண்ணு வாங்கியாந்தேன், வெறும் வயித்துல ஒக்காந்திருக்காத." கோமதிநாயகத்தின் குரல். கண்ணைத் திறந்தாள். வெளிச்சம் ஊசியாகக் குத்தியது, கண்ணாடியை மாட்டியும் மடியிலிருந்த எழுத்துகள் கலைந்து ஓடின. கண்ணாடியைக் கழற்றிக் காகிதத்தை மூக்குக்கு நேரே தூக்கினாள். அரைச் சாணில் ஏழாவது கேள்வி பளிச்சென்று நின்றது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து பண்ணைப் பிய்த்து அவள் கையில் வைத்தார். கம்பம் ஏறி ஏறிக் காய்த்துப்போன விரல்கள், பண்ணின் வெதுவெதுப்பு. இந்த மனிதரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்கு இருந்தது. ஜெபா வந்துவிட்டாள். காகிதத்தை வாங்கி மேலிருந்து கீழே பார்த்தாள்.

"மேடம், ஏழாவது மட்டும் விட்டிருக்கீங்களே. இல்லைன்னு போட்டுரலாமா?"

தலை ஆடத் தொடங்கியது. செண்பகத்துக்கே அது தெரிந்தது, கழுத்தில் அந்தப் பழைய நரம்பு இழுப்பது. ஒரு கையால் மோவாயைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியல" என்றாள். மறுபடியும் சொன்னாள். "எனக்குத் தெரியலம்மா. நாள் தள்ளி ஒம்பது நாளாச்சு. இருக்கான்னு தெரியல."

ஜெபா பேனாவை மூடினாள். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல மேடம். பரவால்ல, இப்பவாச்சும் சொன்னீங்களே. அப்படின்னா இப்ப வேண்டாம். அந்த நேரத்துல பவரு நெலையா நிக்காது, மாத்திரையும் தர முடியாது. போய் டெஸ்ட் எடுங்க. இருந்துச்சுன்னா, பிரசவமாகி, பால் மறக்கடிச்சு, அதுக்கப்பறம் ஒரு ஆறு மாசம் கழிச்சு வாங்க. கண்ணு எங்கயும் போயிராது." சிரித்துக்கொண்டே படிவத்தின் மூலையில் என்னவோ எழுதிக்கொண்டு போனாள். நல்ல பெண். பிரசவமாகி, பால் மறக்கடித்து என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டாள்.

கோமதிநாயகம் பண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். "ஒம்பது நாளா?" என்றார். "எங்கிட்ட ஏன் சொல்லல? பெறகு எதுக்கு இங்க வந்து... என்னட்டி இது?" கோபம் இல்லை, பயம்தான். பயத்துக்குள் ஒரு சந்தோஷம் தலைதூக்கி, அதைக் காட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் முழித்தார்.

செண்பகம் தரையைப் பார்த்தாள். இன்னொரு தரம் சொல்லிவிட்டால் முடிந்தது. ஒரு தெரியல சொன்ன வாய்க்கு இன்னொன்று சொல்ல வலு இருந்தது.

"நான் அவளப் பாக்கல."

"யார?"

"நம்ம பிள்ளைய. கண்ணாடி ஒங்க பையில இருந்துச்சு. ஒரு மொழத்துல வச்சுக் காட்டுனாவ. எனக்கு ஒண்ணுந் தெரியல. பொண்ணுன்னு சும்மா சொன்னேன். பாத்துட்டேன்னும் சும்மாதான் சொன்னேன். அவ மொகம் எனக்குத் தெரியாது."

எதிரே தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் யாரோ சமைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் கை தன்னால் சட்டைப் பையைத் தடவியது, டெஸ்டர் இருந்தது, வேறொன்றும் இல்லை. பிறகு பேசியபோது அது அவர் குரல் மாதிரியே இல்லை.

"கொண்டு போறதுக்கு முன்ன அந்த மாடி நர்ஸு எங்கிட்ட கேட்டா. தாய்க்கு ஒருக்கா காட்டிட்டுப் போறீங்களான்னு. அக்கா வேண்டாம்னா. ஆனா நான் சரின்னு சொல்லியிருந்தா காட்டியிருப்பாவ. நாந்தான்... அவ காலையிலயே பாத்துட்டா, அவ வாயாலதான் பொண்ணுன்னு சொன்னா, சிரிச்ச மொகமாப் பாத்தது அப்படியே இருக்கட்டும்னு சொன்னேன். ஒம் படுக்கைக்கு முன்னால வராண்டா வழியாத்தான் கொண்டு போனோம் செண்பகம். கதவு சாத்தியிருந்துச்சு."

நாலு சொல்லுக்குச் சோம்பிய ஒரு வாய், அது ஒரு தடவையோடு விடவில்லை, கதவுக்கு வெளியே வந்து நின்ற பிள்ளையையும் திருப்பி அனுப்பியிருக்கிறது. அன்றைக்குக் கண்ணாடி மூக்கில்தான் இருந்தது, கதவுக்கு இந்தப் பக்கம், காற்றாடியின் ஒட்டடையைப் பார்த்துக்கொண்டு. அதற்காக இனிமேல் எந்தக் கண்ணை யார் திருத்தி என்ன. அவள் கண்ணாடியைக் கையில் பிடித்தபடி குனிந்து அழுதாள், மருந்தும் கண்ணீரும் ஒன்றாக வழிந்து வாயில் கசந்தது. வரிசையில் கண்ணை மூடியிருந்தவர்கள் மூடியபடியே தலையைத் திருப்பினார்கள்.

"எப்படி இருந்தா?" என்றாள் கடைசியில். "சொல்லுங்க. எல்லாஞ் சொல்லுங்க."

கோமதிநாயகம் நாற்காலியை விட்டு இறங்கி அவள் முன்னால் குந்தினார். சத்தமாகச் சொல்ல முடியாமல் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார். கிட்ட, இன்னும் கிட்ட, அரைச் சாணுக்குள் வந்ததும் அந்த முகம் பளிச்சென்று தெரிந்தது, ரெண்டு நாள் தாடியும், அது நனைந்திருந்ததும்.

"முடி நெறய. நெத்தி வரைக்கும். மூக்கு சப்பையா, பச்சப்பிள்ள மூக்கு எல்லாம் அப்படித்தானே இருக்கும். வெரல் நீட்டம். பெட்டிக்குள்ள ஒரு பக்கமாத் திரும்பிப் படுத்திருந்தா. அப்பதான் பாத்தேன்." அவர் கையை நீட்டி அவளுடைய வலது காதைத் தொட்டார், மடிந்திருந்த நுனியை. "இது. இதே மாதிரி, இதே பக்கம், மடிஞ்சிருந்துச்சு. நாளைக்கு இவளுக்குக் கண்ணாடி போட்டா இவளுக்கும் ஒரு பக்கம் தூக்கிக்கிட்டுல்லா நிக்கும், பால்பாண்டிகிட்டதான் போகணும்னு நெனச்சேன். நெனச்சு, தனியாச் சிரிச்சேன். ஓடி வந்து ஒங்கிட்ட சொல்லணும்னு மாடிப்படி பாதி எறங்கிட்டேன்."

"பெறகு ஏன் சொல்லல?"

"நீதான் பாத்துட்டியேன்னு விட்டுட்டேன்."